பாசி பொறுக்கிய காடு: கொங்கு வழியாக நடந்த நாட்டு வரலாறு

மழை பெய்து இரண்டு நாள் வெயில் காய்ந்ததும் காட்டுக்குப் பாசிமணி பொறுக்கப் போவது எங்கள் அப்புச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, சின்ன வயசுப் பழக்கம். கொடுமணல் பக்கத்து மேட்டாங்காடு அது. மேல்மண் கரைந்து ஓடிய இடத்தில் சிவப்பு, வெள்ளை, ஊதா என்று மிளகு அளவில் கல்மணிகள் தலைகாட்டும். "அதைக் கோத்துக் கன்னுக்குட்டிக் கழுத்துல கட்டுவோங் கண்ணு. அது என்னன்னு அப்ப ஆருக்குத் தெரியும்?" என்பார். அதில் ஒன்றை மட்டும் துணியில் முடிந்து பெட்டியில் வைத்திருந்தார். அரக்கு நிறம், நடுவில் துளை. வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் துளை மயிரிழைபோல ஓடுவது தெரியும். இரண்டு பக்கத்திலிருந்தும் துளைத்துக்கொண்டு வந்து நடுவில் சேர்த்திருக்கிறார்கள். சேர்ந்த இடத்தில் நூலளவு ஒரு விலகல். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் நொய்யல் கரையில் உட்கார்ந்து வேலை செய்த ஒருவரின் கை அங்கே கொஞ்சம் பிசகியிருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இந்திய வரலாறு சிந்துவெளியில் தொடங்கியது. அப்புறம் கங்கைக்கரை, பாடலிபுத்திரம், டெல்லி, பிளாசி, கடைசியில் செங்கோட்டையில் கொடி. நம்ம ஊர் வந்தால் திருப்பூர் குமரனுக்கு ஒரு பத்தி, அவ்வளவுதான். எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது. இத்தனை மொழி, இத்தனை மதம், இத்தனை சாதி சேர்ந்து ஒரு நாடு எப்படி உண்டானது என்று தெரிந்துகொள்ள டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. கொங்கு நாட்டில் நின்று பார்த்தாலே கதை முழுக்கத் தெரியும். அந்தக் கதையின் பெரிய அத்தியாயங்களில் பெரும்பாலானவை இந்த மண்ணைத் தொட்டுத்தான் போயிருக்கின்றன.

காரணம் மலையில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுவர்போல நிற்கிறது. அந்தச் சுவரில் அகலமான ஒரே வாசல் பாலக்காட்டுக் கணவாய். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லை. மேற்குக் கடலிலிருந்து காவிரிப் பக்கம் போகிறவனுக்கு இதைவிட லேசான வழி கிடையாது. அந்த வாசலுக்கு இந்தப் பக்கத்துத் திண்ணைதான் கொங்கு நாடு. நீலகிரியும் ஆனைமலையும் மழையை மறைத்துக்கொள்வதால் நிலம் வறண்டது. வெள்ளாமையை மட்டும் நம்பி இங்கே பிழைக்க முடியாது. மாடு வளர்த்தார்கள், கல் தோண்டினார்கள், இரும்பு உருக்கினார்கள், நூல் நூற்றார்கள், வழிப்போக்கரோடு வியாபாரம் செய்தார்கள். வழியும் வறட்சியும் சேர்ந்து உருவாக்கிய நாடு இது.

கொடுமணலைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் 'கொடுமணம்' என்று பாடும் ஊர் இதுதான் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். 'கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்' என்பது அரிசில்கிழாரின் வரி. வேலைப்பாடு மிகுந்த அரிய அணிகலன் என்றால் அந்தக் காலத்தில் கொடுமணத்தைச் சொன்னால் போதும்போல. 1985 முதல் அங்கே பல கட்டங்களாக அகழாய்வு நடந்திருக்கிறது. மணி செய்யும் பட்டறைகள், பாதி செய்து விட்ட மணிகள், இரும்பும் எஃகும் உருக்கிய உலைகள், பெருங்கற்கால ஈமச்சின்னங்கள், தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துப் பொறித்த நூற்றுக்கணக்கான பானை ஓடுகள் கிடைத்தன. பச்சைக்கல்லான பெரில் பக்கத்திலேயே காங்கேயம் பகுதிப் படியூரில் கிடைத்தது. பெரில் இந்தியாவில்தான் விளைகிறது, வேறெங்கும் அரிது என்று ரோமானியர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அப்புச்சி வைத்திருந்தது சூதுபவளம். அந்தக் கல் நம்ம ஊர்க் கல் கிடையாது. குஜராத் பக்கத்திலிருந்து கச்சாக் கல்லாக இங்கே வந்து, மணியாகித் திரும்பப் போயிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. வெளியூர்ச் சரக்கை வாங்கி, வேலை சேர்த்து, வெளிநாட்டுக்கு அனுப்புவது. திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பானை ஓட்டில் இருக்கும் பெயர்களும் கவனிக்க வேண்டியவை. 'கண்ணன் ஆதன்' என்று ஒருவர். 'சம்பன் சுமணன்' என்று இன்னொருவர். முதல் பெயர் நம்மிடம் நன்றாகப் பழகியது. இரண்டாவதில் வடக்கத்திப் பிராகிருத வாசனை அடிக்கிறது. அரசர்களின் மெய்க்கீர்த்திக்கு வெகுகாலம் முன்பே, சோற்றுப் பானையில் பெயர் எழுதி வைக்கிற அளவுக்கு எழுத்துப் பழகிய கைவினைஞர்களும் வணிகர்களும் இங்கே கலந்து வாழ்ந்திருக்கிறார்கள். மேற்கே வெள்ளலூரில் 1842-ல் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுக் குவியலில் அகஸ்டஸ், டைபீரியஸ் பேரரசர்களின் முகங்கள் இருந்தன. கிழக்கே கரூர் ஆற்றுமணலிலும் ரோமானியக் காசு கிடைத்திருக்கிறது. மேற்குக் கடற்கரைத் துறைமுகமான முசிறியில் இறங்கிய காசு கணவாய் வழியாக வெள்ளலூர், கொடுமணல், கரூர் என்று நடந்து வந்த தடம் அது.

காசு வந்த வழியில் மதமும் வந்தது. கரூருக்குப் பக்கத்தில் புகளூர் ஆறுநாட்டார் மலையில், செங்காயபன் என்ற சமணத் துறவி தங்குவதற்குப் பாறையில் படுக்கை வெட்டிக் கொடுத்ததாகத் தமிழிக் கல்வெட்டு இருக்கிறது. கொடுத்தவன் சேர இளவரசன் இளங்கடுங்கோ. அப்பன் பெயர், பாட்டன் பெயர் சொல்லித்தான் கொடுத்திருக்கிறான். சமணம் இங்கே ஆயிரம் வருஷத்துக்கும் மேல் நிலைத்து நின்றது. விசயமங்கலத்துச் சமணக் கோயிலை இன்றும் போய்ப் பார்க்கலாம்.

அந்த வழியில் ஆபத்தும் இருந்தது. சேரமான் பெருமாளிடம் பரிசு வாங்கிக்கொண்டு திரும்பிய சுந்தரரைத் திருமுருகன்பூண்டியில் வேடுவர்கள் மறித்துப் பறித்துக்கொண்டார்கள் என்பது தலக்கதை. அவர் பாடிய பதிகத்தில், வடுக வேடுவர் வைது, குத்தி, உடுத்த துணியைக்கூட உருவிக்கொள்ளும் இந்த ஊரில் உனக்கு என்ன வேலை என்று சிவனையே கேட்கிறார். பக்திப் பாட்டுதான். ஆனால் அதற்குள் எட்டாம் நூற்றாண்டுச் சாலையின் நிலவரம் அப்படியே இருக்கிறது. அதற்குப் பின்னால் சோழர்கள் கொங்கைப் பிடித்தபோது அவர்கள் கவனித்த விஷயங்களில் சாலையும் ஒன்று. கோவைக்கு மேற்கே சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் 'இராசகேசரிப் பெருவழி' என்ற கல்வெட்டு இருக்கிறது. பொதுவாக அதை முதலாம் ஆதித்த சோழன் காலத்தது என்கிறார்கள். வட்டெழுத்திலும் தமிழிலும் வெட்டியிருக்கிறார்கள். கணவாய்க்கு அந்தப் பக்கத்துக்காரன் ஒரு எழுத்தைப் படிப்பான், இந்தப் பக்கத்துக்காரன் இன்னொன்றைப் படிப்பான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கொங்குச் சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் என்னை ரொம்பவும் உலுக்கியது கரூர் பசுபதீசுவரர் கோயிலில் உள்ள ஒன்று. கோனேரின்மை கொண்டான் என்ற பட்டப்பெயருடைய அரசன், வெங்கால நாட்டுக் கம்மாளர்களுக்குச் சில உரிமைகளைக் கொடுக்கிறான். நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம். வீட்டை விட்டுப் போகும்போது காலில் செருப்புப் போட்டுக்கொள்ளலாம். வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். கோயிலைக் கட்டியவன், விக்கிரகத்தை வார்த்தவன், கலப்பையைச் செய்தவன் தன் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூச அரசன் கையெழுத்து வேண்டியிருந்தது. அந்த உரிமையை அவர்கள் சும்மா இருந்து வாங்கியிருக்க மாட்டார்கள். ஒன்றுகூடி, போராடி, கல்லில் வெட்ட வைத்திருக்கிறார்கள் என்றே நான் நினைக்கிறேன். சுதந்திரம் என்ற சொல்லைப் பேசும்போது 1857-லிருந்து மட்டும் தொடங்கினால் இந்தக் கல் நமக்குத் தெரியாமலே போய்விடும்.

காளிங்கராயன் வாய்க்காலைப் பற்றியும் நின்று பேச வேண்டும். 13-ஆம் நூற்றாண்டில் பவானி ஆறு காவிரியில் சேரும் இடத்துக்குச் சற்று மேலே ஓர் அணை. அங்கிருந்து ஈரோடு வழியாகக் கொடுமுடிப் பக்கம் நொய்யலைத் தொடும் வரை ஏறக்குறைய 90 கிலோமீட்டர் வாய்க்கால். அது நேராகப் போகாது. வளைந்து வளைந்து போகும். பாம்பு போன தடத்தைப் பார்த்துக் காளிங்கராயன் வெட்டினான் என்று ஊரில் கதை சொல்வார்கள். மேட்டின் சரிவை ஒட்டியே போனால்தான் தண்ணீர் வேகமெடுக்காமல் பாயும். வளைவின் கணக்கு அதுதான். தன் சொந்தக் காட்டுக்காகத்தான் வெட்டுகிறான் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். என் வம்சத்தில் யாரும் இந்தத் தண்ணீரைத் தொடமாட்டோம் என்று சபதம் போட்டு, பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குக் குடியேறிவிட்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. எழுநூறு வருஷம் கழித்தும் அந்த வாய்க்கால் பாய்கிறது.

விஜயநகரமும் மதுரை நாயக்கர்களும் ஆண்ட காலத்தில் கரிசல் மண்ணைத் தேடித் தெலுங்கு பேசும் உழவர்கள் வந்தார்கள். கன்னடம் பேசும் தேவாங்க நெசவாளர்கள் தறியோடு வந்தார்கள். மலையில் இருளரும் காடரும் மலசரும் ஏற்கெனவே இருந்தார்கள். ராவுத்தர்கள் குதிரையும் வணிகமுமாகப் பரவினார்கள். வீட்டில் தெலுங்கு பேசும் அருந்ததியர் தைத்துக் கொடுத்த தோல் பறி இல்லாமல் கொங்கு நாட்டில் ஒரு கிணறும் இறைத்திருக்க முடியாது. மின்மோட்டார் வரும்வரை கவலை ஓட்டித்தான், அதாவது மாடு பூட்டித் தோல் பறியால் தண்ணீர் இறைத்துத்தான், இங்கே வெள்ளாமை. மாட்டைப் பேசுவோம், கிணற்றைப் பேசுவோம், தோட்டக்காரரைப் பேசுவோம். பறி தைத்த கையைப் பற்றி வரலாற்றில் ஒரு வரிகூட எழுதாமல் விட்டது பெரிய அநியாயம்.

பிறகு மைசூர்க்காரர்கள் ஆட்சி. 17-ஆம் நூற்றாண்டில் தொடங்கி ஹைதர் அலி, திப்பு சுல்தான் வரை. கணவாய் இப்போது ராணுவத்தின் வாசல் ஆயிற்று. 1790-ல் கிழக்கிந்தியக் கும்பெனிப் படை கோவையைப் பிடித்தது, 1791-ல் திப்புவின் படை முற்றுகையிட்டு மீட்டது. 1799 மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு விழுந்த பிறகு கோவைச் சீமை முழுக்கக் கும்பெனி கைக்குப் போனது.

தீரன் சின்னமலையின் கதை எல்லோருக்கும் தெரியும். சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை வரிப்பணத்தைப் பறித்துக்கொண்டான் என்று போய்ச் சொல் என்றது இன்றும் வாய்மொழியில் இருக்கிறது. மைசூருக்குப் போன வரியை மறித்த அதே மனிதர், பிறகு திப்புவோடு சேர்ந்து கும்பெனியை எதிர்த்தார். இதில் முரண் ஒன்றும் இல்லை. யார் ஆபத்து என்று அவர் சரியாகக் கண்டுகொண்டார். 1800 ஜூனில் கோவைக் கோட்டையைத் தாக்கப் போட்ட திட்டத்தில் விருப்பாட்சி கோபால நாயக்கர் பக்கத்து ஆட்கள், கன்னட நாட்டுத் தூந்தாஜி வாக், மலபார் எதிர்ப்பாளர்கள் என்று பல மொழிக்காரர்களுக்குத் தொடர்பு இருந்தது. அது தோற்றது. பலரைத் தூக்கில் போட்டார்கள். ஓடாநிலையிலும் அரச்சலூரிலும் சண்டையிட்ட சின்னமலையை 1805-ல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டார்கள். ஆடிப் பதினெட்டு வந்தால் சங்ககிரி மலையில் கூட்டம் ஏறுவது அதனால்தான்.

சங்ககிரி, தருமபுரி, கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால், சேலம் பகுதியில்தான் 1792-லிருந்து அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் ரயத்துவாரி முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். இடையில் ஜமீன்தார் இல்லாமல், ஒவ்வொரு குடியானவனோடும் சர்க்கார் நேராக வரி பேசுவது. காடு காடாக அளந்தார்கள், தரம் போட்டார்கள், பேர் எழுதினார்கள். அந்த முறை பிறகு சென்னை மாகாணம் முழுக்கவும் பம்பாய்ப் பக்கமும் போனது. பட்டா, சிட்டா, அடங்கல் என்று இன்றைக்கும் தாலுகா ஆபீசில் நாம் அலைகிற அலைச்சலின் வேர் இந்தக் காடுகளில் இருக்கிறது. வரியோ வெள்ளாமை பொய்த்தாலும் நிற்காது. 1876 முதல் 1878 வரை வந்த தாது வருஷப் பஞ்சத்தில் சேலம், கோவைச் சீமைகள் பட்ட பாட்டைப் பாட்டிமார்கள் சொல்லிச் சொல்லி எங்கள் காதுவரை வந்திருக்கிறது. ரயில் 1862-லேயே போத்தனூருக்கு வந்துவிட்டது. ஆனாலும் சனங்கள் செத்தார்கள். தானியம் விலை கிடைக்கும் ஊருக்குத்தான் போகும், பசிக்கிற ஊருக்குப் போகாது.

ரயில் பஞ்சையும் ஏற்றியது. 1888-ல் கோவையில் முதல் நூற்பாலை வந்தது. ஸ்டேன்ஸ் மில் என்று சொன்னால் பழைய ஆட்களுக்குத் தெரியும். கம்போடியாப் பருத்தி பரவிய பிறகு உள்ளூர்க்காரர்களும் மில் போட்டார்கள். 1932-ல் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும் நகரம் புகைபோக்கிகளாக எழுந்தது.

மில் வளர்ந்த அதே ஊரில்தான் செக்கும் இருந்தது. 1908-லிருந்து 1910 வரை கோவைச் சிறையில் வ. உ. சிதம்பரனாரை மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டி இழுக்க வைத்தார்கள். வெள்ளைக்காரன் கப்பலுக்குப் போட்டியாகக் கப்பல் விட்டவரை வெயிலில் எண்ணெய் ஆட்ட வைத்தார்கள். அந்தக் கல்செக்கைச் சிறை வளாகத்தில் காத்து வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து அழாமல் திரும்பியவர்கள் உண்டா என்று தெரியாது, என்னால் முடியவில்லை.

ரயிலும் ஒருநாள் சவம் ஏற்றி வந்தது. 1921 நவம்பரில், மலபார் மாப்பிள்ளைக் கிளர்ச்சியில் பிடிபட்ட கைதிகள் நூறு பேரைத் திரூரில் காற்றுப் புகாத சரக்கு வேகனில் அடைத்துக் கணவாய் வழியாக அனுப்பினார்கள். போத்தனூரில் கதவைத் திறந்தபோது ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மூச்சுத் திணறிச் செத்துக் கிடந்தார்கள். பிழைத்தவர்களிலும் சிலர் பிறகு இறந்தார்கள், மொத்தம் எழுபது பேர்வரை. முசிறிக் காசு வந்த அதே வழி. போத்தனூர் ஸ்டேஷனில் வண்டி நிற்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தக் கதவு ஞாபகம் வரும்.

அதே 1921-ல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல். பெரியார் ஈ.வெ.ரா. அப்போது காங்கிரஸ்காரர். கள்ளுக்குப் பயன்படக் கூடாது என்று தன் தோப்பில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். அவர் சிறைக்குப் போன பிறகு மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் மறியலை நடத்தினார்கள். போராட்டத்தை நிறுத்துவது என் கையில் இல்லை, ஈரோட்டில் இருக்கும் இரண்டு பெண்களின் கையில் இருக்கிறது என்ற பொருளில் காந்தி சொன்னார். வீட்டு வாசல் தாண்டிப் பழகாத பெண்கள் கூட்டம் கூட்டமாகத் தெருவில் நின்றது அந்தக் காலத்துக்குச் சாதாரண காரியமா?

கொடுமணலிலிருந்து சைக்கிளில் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது சென்னிமலை. அங்கே கைத்தறிக் குடும்பத்தில் 1904-ல் பிறந்த குமாரசாமிதான் திருப்பூர் குமரன். பிழைப்புக்குத் திருப்பூருக்கு வந்தார். 1932 ஜனவரி 10-ல் தடையை மீறிக் கொடியேந்தி ஊர்வலம் போனபோது போலீஸ் தடியடியில் மண்டை உடைந்தது. விழுந்தபோதும் கையிலிருந்த கொடியை விடவில்லை. மறுநாள் உயிர் போனது. வயசு 27. அந்தக் கொடி கதர்த்துணி, அவர் பிறந்தது துணி நெய்கிற வீடு. சுதேசி என்பது அவருக்கு மேடைப் பேச்சாக இருந்திருக்க முடியாது, தறிக்குழியில் கால் வைத்துப் பழகிய பாடம் அது.

1942 ஆகஸ்டில் சூலூர் விமான தளத்துக்குத் தீ வைத்தவர்களும் ஊர்ச் சனங்கள்தான். அதன் பிறகு கிராமங்கள் போலீசிடம் பட்ட அடி கொஞ்சநஞ்சமல்ல. 1946 ஜனவரி 8-ல், நாடு விடுதலைக்கு ஒன்றரை வருஷம் இருக்கும்போது, சின்னியம்பாளையம் மில் தொழிலாளிகள் நான்கு பேரைக் கோவைச் சிறையில் தூக்கில் போட்டார்கள். ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன். மில் தகராறில் நடந்த ஒரு கொலை வழக்கில் அவர்களுக்குத் தண்டனை. தொழிற்சங்கத்துக்காகச் செத்தவர்கள் என்று கோவைத் தொழிலாளர்கள் இன்றும் அஞ்சலி செலுத்துகிறார்கள். சுதந்திரப் போராட்டப் பட்டியலில் இவர்கள் பெயரையும் சேர்த்தே நான் படிக்கிறேன்.

சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26-ல் படித்தவர் கோவைக்காரர், ஆர். கே. சண்முகம் செட்டியார். நீதிக்கட்சி மரபில் வந்தவர், காங்கிரஸ்காரர் இல்லை. கணவாய்க்கு அந்தப் பக்கம் கொச்சியில் திவானாக இருந்தவர். வரவு 171 கோடி, செலவு 197 கோடி. பிரிவினையில் வீடிழந்து வந்தவர்களுக்குச் சோறு போட வேண்டும், ராணுவத்தைப் பார்க்க வேண்டும். எதிர்த்தரப்பில் இருந்தவரைக் கூப்பிட்டுப் பெட்டிச் சாவியைக் கொடுத்த அந்த மனசும் சுதந்திரத்தின் ஒரு பகுதிதான்.

ஆனால் அப்புச்சிக்குச் சுதந்திரம் வந்தது 1947-ல் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் பேச்சளவிலேயே கிடந்த கீழ்பவானித் திட்டத்தை 1948-ல் தொடங்கினார்கள். 1955-ல் பவானிசாகர் அணை முடிந்தது. போசளர் காலத்துத் தணாயக்கன் கோட்டையும் அதிலிருந்த கோயிலும் தண்ணீருக்குள் போயின. கடும் வறட்சியில் நீர்மட்டம் இறங்கினால் கோயில் இப்போதும் வெளியே தெரியும். அங்கே குடியிருந்தவர்கள் வேறிடம் போனார்கள். இந்தப் பக்கம் 200 கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டி, இரண்டு லட்சம் ஏக்கருக்குமேல் பாசனம் கொடுத்தார்கள்.

வாய்க்கால் அப்புச்சியின் காட்டுக்கு எட்டவில்லை. அது மேட்டாங்காடாகவே இருந்தது. ஆனாலும் தண்ணீர் விட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மாட்டு ஜோடியை ஓட்டிக்கொண்டு சென்னிமலைப் பக்கம் பார்க்கப் போயிருக்கிறார். கரையில் திருவிழாக் கூட்டமாம். பெண்கள் மஞ்சளும் பூவும் போட்டுக் கும்பிட்டிருக்கிறார்கள். "தண்ணி செவச்செவன்னு மண்ணோட வந்துச்சு கண்ணு. மாடு மோந்து பாத்துட்டுக் குடிக்கல. ராத்திரி அங்கயே படுத்துக்கிட்டோம். காலைல தெளிஞ்சுது, குடிச்சுது."